எங்கே எரிகிறது என்று முதலில் சொல்லுங்கள்

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசத் தொடங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி சலக்கடுப்பை, அதாவது சலம் (சிறுநீர்) போகும்போது எரிவதைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. பெயர் போடாதவர்கள் நிறையப் பேர். சிலர் "அந்த இடத்தில் ஒரு மாதிரி" என்று எழுதிவிட்டு மிச்சத்தை என்னையே ஊகிக்க விட்டிருக்கிறார்கள். எனக்கு ஊகிக்க விருப்பமில்லை, ஏனென்றால் எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும் வருத்தம் இது, ஆகவே சுற்றி வளைக்காமல் கதைப்போம்.

கேள்வி: திருகோணமலை நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன், வயது 24. காலையில் போனால் இருட்டித்தான் வீடு. கடையில் கழிப்பறை இல்லை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் போக வேண்டும், இரண்டாம் தரம் போனால் முதலாளியின் முகம் மாறும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். மூன்று நாளாகச் சலம் போகும்போது எரிகிறது, போய் வந்த கையோடு திரும்பவும் போக வேண்டும் போல இருக்கிறது, போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அடிவயிறும் நோகிறது. அம்மா சூடு என்கிறார். கூட வேலை செய்யும் அக்கா தன்னிடம் மிஞ்சிக் கிடந்த மூன்று குளிசையைத் தந்திருக்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் சூட்டுக் கதை. அவர் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை. கச்சான் வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சலம் கடும் மஞ்சளாகிவிடும், அப்படிப்பட்ட சலம் போகும்போதே கொஞ்சம் எரியும், ஒரு போத்தல் தண்ணீர் குடித்து அடுத்த முறை போகும்போது அது நின்றுவிடும். நீங்கள் எழுதியிருப்பது வேறு. எரிவோடு சேர்ந்து அடிக்கடி போகத் தோன்றுவது, அடக்க முடியாத அவசரம், போனால் கொஞ்சமாக வருவது, அடிவயிற்று நோவு, இவை எல்லாம் ஒன்றாக வந்து, வெள்ளைபடுதலோ வெளியே சொறிவோ இல்லையென்றால் சலப்பையில் கிருமி பிடித்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம். சூடு கிருமியை உண்டாக்காது.

அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது? வேறு யாரிடமிருந்தும் இல்லை, உங்கள் குடலில் இருந்துதான். ஈ-கோலை என்ற பக்டீரியா எல்லோருடைய குடலிலும் இருக்கிறது, அங்கே இருக்கும்வரை தொல்லை தராது. மலவாயில் பக்கத்திலிருந்து தோல் வழியாக முன்னுக்கு வந்து சலவழிக்குள் ஏறினால்தான் வினை. சாதாரணமாகப் பெண்களுக்கு வரும் சலப்பைத் தொற்றுகளில் 100 க்கு 75 முதல் 85 வரை இந்த ஒன்றின் வேலை. ஆண்களுக்குச் சலவழி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளம், பெண்களுக்கு 4 சென்ரிமீற்றர்தான், அதுவும் மலவாயிலுக்குக் கிட்ட. கிருமிக்கு நடை குறைவு, அவ்வளவுதான். பெண் துப்புரவில்லாமல் இருக்கிறாள் என்பதால் வருவதில்லை, இதை மாமிமாரும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு முறை சலம் போகும்போதும் உள்ளே ஏறிய கிருமிகளில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். பகல் முழுக்க அடக்கி வைத்தால், அதுவும் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால், அவை ஆறுதலாக உள்ளேயே இருந்து பெருகும். 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி இந்தத் தொற்று வந்து போகும், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்து, அவர்களில் பாதிப்பேரை நாளுக்கு வழக்கத்தைவிட ஒன்றரை லீற்றர் கூடக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவைதான் வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. மருந்தே இல்லாமல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை போய் வருவது உங்கள் உடம்புக்குச் சேர வேண்டிய உரிமை. கடைகளில் வேலை செய்பவர்களுக்குக் கழிப்பறை வசதி இருக்க வேண்டும் என்பது 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலேயே இருக்கிறது. முதலாளியிடம் அதைச் சொல்லச் சொல்லி உங்களைத் தனியே மாட்டிவிட மாட்டேன், ஆனால் கூட வேலை செய்யும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து கேட்டால் முகம் மாறினாலும் வழி பிறக்கும்.

இப்போது அந்தக் குளிசை. அது எந்த அண்டிபயோட்டிக் என்று உங்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரிந்திருக்காது. மூன்று குளிசையில் எரிவு தணியும், கிருமியில் பலவீனமானது சாகும், தாக்குப்பிடித்தது மிஞ்சும், இரண்டு கிழமையில் அதுவே திரும்பி வரும், அப்போது அதே மருந்து கேட்காது. அதோடு, குளிசை போட்ட பிறகு சலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுத்தால் அதில் ஒன்றும் வளராமல் போகலாம், டொக்டரும் இருட்டில் தடவ வேண்டி வரும். நாளைக் காலையில் ஓ.பி.டிக்குப் போங்கள், இல்லாவிட்டால் குடும்ப டொக்டரிடம். யூ.எஃப்.ஆர். என்ற சலப் பரிசோதனை செய்வார்கள். முதல் தடவை என்றால் அறிகுறியை வைத்தே மருந்து எழுதவும் கூடும், அதுவும் சரிதான். சிலருக்கு நைட்ரோபியூரன்ரொயின் தருவார்கள், பொதுவாக 5 நாள், அதைப் போடும்போது சலம் மண்ணிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான். அதோடு கூடச் சலத்தின் புளிப்பைக் குறைக்கும் சிரப்பைக் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள், மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கம் நோவு, சத்தி, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கலாம். அப்போது விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: நிலாவெளி. திருமணமாகி இரண்டு மாதம், அதற்குள் மூன்று தடவை சலக்கடுப்பு வந்துவிட்டது. கணவர் வெளிநாட்டில் இருந்து வந்து என்னைக் கட்டியவர். அவரிடமிருந்து ஏதும் தொற்றியதோ என்று எனக்குள் ஓடுகிறது. அவரோ எனக்கு முன்பே ஏதோ இருந்திருக்கிறது என்று நினைக்கிறார் போல. இதைப் பற்றி இருவரும் கதைப்பதே இல்லை.

பதில்: இந்தப் பக்கத்தை இரவு அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கதைக்க முடியாததை நான் கதைத்துவிடுகிறேன்.

புதிதாகத் திருமணமான பெண்களுக்கு இப்படி வருவது எவ்வளவோ சாதாரணம். உறவின்போது ஏற்படும் உரசலில், வெளித்தோலில் ஏற்கெனவே இருக்கும் குடல் கிருமிகள் அந்தக் குட்டைச் சலவழிக்குள் தள்ளப்படுகின்றன. கிருமி உங்களுடையதே. கணவர் கொண்டுவந்ததும் இல்லை, நீங்கள் எங்கேயோ வாங்கி வந்ததும் இல்லை. சலப்பைத் தொற்று பாலியல் நோய் அல்ல, அதற்காகக் கணவருக்கு மருந்து கொடுக்கவும் தேவையில்லை. இதை வைத்து ஒருவரின் நடத்தையை அளக்கத் தொடங்கிய குடும்பங்களை நான் கிளினிக்கில் கண்டிருக்கிறேன், ஒரு கரண்டி சலத்தில் தெரிய வேண்டிய விஷயத்துக்குப் பஞ்சாயத்து வரை போவார்கள்.

உறவு முடிந்ததும் எழும்பிப் போய்ச் சலம் கழித்துவிட்டு வாருங்கள். இதற்குப் பெரிய ஆய்வு ஆதாரம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் செலவும் இல்லை, கெடுதியும் இல்லை. பின்பக்கத்தைத் தொட்ட கையோ உறுப்போ கழுவாமல் முன்பக்கம் வரக்கூடாது. விந்தைக் கொல்லும் மருந்து பூசிய ஆணுறை பாவிக்கிறீர்களா என்று பெட்டியைப் பாருங்கள், அந்த மருந்து பெண்ணுறுப்பில் இருக்கும் நல்ல பக்டீரியாவையும் கொன்று ஈ-கோலைக்கு இடம் பிடித்துக் கொடுக்கும். சாதாரண ஆணுறைக்கு மாறினால் போதும். உள்ளே சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவுவது, வாசனைத் திரவம் அடிப்பது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், இவையும் அதே கெடுதியைத்தான் செய்யும். வெளியே வெறும் தண்ணீர் போதும், முன்னிருந்து பின்னுக்கு.

ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது வருடத்தில் மூன்று என்றால் அதை அடிக்கடி வரும் தொற்று என்போம், நீங்கள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்த முறை வரும்போது மருந்துக்கு முன்பே கல்ச்சர் கொடுங்கள். உறவோடுதான் வருகிறது என்பது உறுதியானால், உறவுக்குப் பிறகு ஒரு குளிசை மட்டும் போடும் முறையும் இருக்கிறது, டொக்டரிடம் கேட்கலாம். இன்னொன்று, மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அடிக்கடி சலம் போவது கர்ப்பத்தின் ஆரம்பத்திலும் இருக்கும், சில மருந்துகள் அப்போது ஆகாது.

எப்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டும்? நிறம் மாறிய, மணமுள்ள வெள்ளைபடுதல், புண் அல்லது கொப்புளம், உறவின்போது ஆழமாக நோவு, இரண்டு மாதவிடாய்க்கு இடையில் இரத்தக் கசிவு, அல்லது கணவருக்கும் எரிவோடு சீழ் வருவது, இவை இருந்தால் இருவரும் சேர்ந்தே பரிசோதிக்க வேண்டும். அரசாங்கத்தின் பாலியல் நோய்க் கிளினிக் திருகோணமலையிலும் இருக்கிறது, காசு இல்லை, விஷயம் வெளியே போகாது.

கேள்வி: கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு வந்த மறுநாள் சலக்கடுப்பு வந்தது. தண்ணீராலா? பொதுக் கழிப்பறையில் இருந்தாலும் வருமா?

பதில்: இரண்டும் இல்லை. கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளித்தானே ஊற்றுகிறோம், அந்தத் தண்ணீர் சலப்பைக்குள் ஏறாது. கழிப்பறை இருக்கையில் இருந்தும் இது தொற்றாது. ஆனால் அந்த இருக்கைக்குப் பயந்து அரைகுறையாகக் குந்தி, முழுவதும் போகாமல் எழும்புவதும், கொழும்பு பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை அடக்கிக்கொண்டு வருவதும்தான் வில்லங்கம். குளித்த ஈரத்துணியோடு மணிக்கணக்கில் இருந்தால் பங்கஸ் சொறிவு வரலாம், அது வேறு வருத்தம்.

கேள்வி: தம்பலகாமம். எனக்கு 62 வயது, சீனி வருத்தம் 12 வருடமாக இருக்கிறது. வருடத்துக்கு நாலு தரமாவது சலக்கடுப்பு வரும். இப்போது புதிதாக ஒரு சீனிக் குளிசை தந்த பிறகு கீழே ஒரே சொறிவு, சலம் பட்ட இடமெல்லாம் மிளகாய் பட்டது போல எரிகிறது. இருமினால் துளி கசியும், போய் வந்தாலும் அரைவாசி உள்ளே நிற்பது போல இருக்கும். மகளிடம் சொல்லக் கூச்சம்.

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பது ஒரு வருத்தம் இல்லை, மூன்று. நல்ல வேளையாக விவரமாக எழுதியிருக்கிறீர்கள்.

சலம் வெளியே வந்து தோலில் படும்போது எரிகிறது என்றால் பெரும்பாலும் பிரச்சினை தோலில், சலப்பையில் இல்லை. எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் போல 'கிளிபுளோசின்' என்று முடியும் சீனிக் குளிசைகள் உடம்பில் கூடிய சீனியைச் சலத்தோடு வெளியே தள்ளித்தான் வேலை செய்கின்றன. அந்தச் சீனி பட்ட ஈரத்தில் பங்கஸ் நன்றாக வளரும், சொறியும், தயிர் போல வெள்ளை படும். இதற்கு அண்டிபயோட்டிக் போட்டால் இன்னும் கூடும், பங்கஸுக்கான மருந்துதான் வேண்டும். புதிய குளிசையின் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது செய்கிற மருந்து அது.

இரண்டாவது, மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைகிறது. பெண்ணுறுப்பின் தோல் மெலிந்து காய்ந்துபோகும், அங்கே காவல் இருந்த லக்டோபசிலஸ் என்ற நல்ல பக்டீரியாக்கள் குறையும், புளிப்புத் தன்மை போகும், குடல் கிருமிகள் வந்து குடியேறும். வருடத்துக்கு நாலு தரம் வருவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். உள்ளே பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் இருக்கிறது, உடம்புக்குள் சேரும் அளவு மிகவும் குறைவு, திரும்பத் திரும்ப வரும் தொற்றை நன்றாகக் குறைக்கும். அண்டிபயோட்டிக்கை வருடத்துக்கு நாலு தரம் எழுதித் தருகிற நாங்கள் இந்தக் கிறீமைப் பற்றி ஏனோ வாயே திறப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் மட்டும் அதை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, துளி கசிவதும் அரைவாசி உள்ளே நிற்பதும். கருப்பை இறங்கியிருக்கலாம், நீண்ட காலச் சீனியால் சலப்பையின் நரம்பு தளர்ந்திருக்கலாம், மலச்சிக்கலும் சலப்பையை அமுக்கும். தேங்கி நிற்கும் சலத்தில் கிருமி இலகுவாக வளரும். பெண் நோயியல் கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள், ஸ்கானில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். அதுவரைக்கும் போய் முடிந்ததும் எழும்பாமல் ஒரு நிமிடம் இருந்து, முன்னுக்குச் சாய்ந்து, திரும்பவும் ஒரு தரம் போய்ப் பாருங்கள். சலத்தில் இரத்தம் தெரிந்தால், நோவு இல்லாவிட்டாலும் சரி, தள்ளிப்போடக் கூடாது. மகளிடமும் சொல்லிவிடுங்கள் அம்மா, அவருக்கும் ஒரு நாள் 62 வயது வரும்.

கேள்வி: மூதூர். நான்கு மாதக் கர்ப்பம். கிளினிக்கில் சலம் சோதித்துவிட்டுக் கிருமி இருக்கிறது என்று அண்டிபயோட்டிக் தந்தார்கள். எனக்கு எரிவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கு ஏன் மருந்து, பிள்ளைக்குக் கூடாது என்று மாமி சொல்கிறார்.

பதில்: வேறு நேரமாக இருந்தால் மாமி சொல்வது சரி. அறிகுறி இல்லாமல் சலத்தில் கிருமி இருந்தால், வயதானவர்களுக்குக்கூட, பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. கர்ப்பம் அதற்கு விதிவிலக்கு. கர்ப்பகால ஹோர்மோன்களால் கிட்னியிலிருந்து சலப்பைக்கு வரும் குழாய்கள் தளர்ந்து விரியும், வளரும் கருப்பையும் அவற்றை அமுக்கும், சலம் மெதுவாக ஓடும். சலப்பையில் சத்தமில்லாமல் இருக்கும் கிருமிக்கு மேலே கிட்னிக்கு ஏற அது வசதி. 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி எரிவில்லாத கிருமி இருக்கும், கவனிக்காமல் விட்டால் அவர்களில் கணிசமானோருக்குக் கிட்னித் தொற்று வரும், அது குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோகும். இதற்காகத்தான் உங்களிடம் நோவு இருக்கிறதா என்று கேட்காமலே எல்லோருடைய சலத்தையும் சோதிக்கிறார்கள்.

கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய அண்டிபயோட்டிக்குகள் இருக்கின்றன, செபலெக்சின் போல. கிளினிக்கில் தந்ததைச் சொன்ன நாள் முழுவதும் போடுங்கள், முடிந்த பிறகு திரும்பவும் கல்ச்சர் கொடுத்துக் கிருமி போய்விட்டதா என்று பாருங்கள். கர்ப்பிணி என்று சொல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. காய்ச்சலும் முதுகு நோவும் வந்தால் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்க வேண்டாம்.

கேள்வி: உவர்மலை, வயது 35. எட்டு மாதமாக எரிவு. ஐந்து தரம் அண்டிபயோட்டிக் போட்டாயிற்று. கல்ச்சர் மூன்று முறை செய்தேன், இரண்டு முறை ஒன்றும் இல்லை, ஒரு முறை கலப்பு வளர்ச்சி என்று வந்தது. எல்லாம் மனப்பிரமை என்று ஒரு டொக்டர் சொல்லிவிட்டார்.

பதில்: மனப்பிரமை இல்லை. கிருமி இல்லை என்று மட்டும்தான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது, நோவு இல்லை என்று அது சொல்லவில்லை.

கலப்பு வளர்ச்சி என்றால் பெரும்பாலும் சலம் பிடித்த விதம் சரியில்லை, தோலில் இருந்த கிருமிகள் போத்தலுக்குள் விழுந்திருக்கின்றன. யூ.எஃப்.ஆரில் எபிதீலியல் செல், அதாவது தோலிலிருந்து உதிரும் செல், நிறைய என்று இருந்தாலும் இதே சந்தேகம்தான். ஜாம் போத்தலைக் கழுவிக் கொண்டுபோவது, முதல் துளியிலிருந்தே பிடிப்பது, காலையில் பிடித்துப் பின்னேரம் கொண்டுபோய்க் கொடுப்பது, இவற்றால் எத்தனை பேருக்குத் தேவையில்லாத மருந்து போயிருக்கும்! ஆய்வுகூடத்தில் தரும் கிருமி நீக்கிய போத்தலை வாங்குங்கள், தண்ணீரால் கழுவி, பெண்ணுறுப்பின் உதடுகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதை மட்டும் பிடித்து, ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஒரு மில்லிலீற்றர் சலத்தில் கிருமி 100,000 என்ற எண்ணைத் தாண்டினால்தான் தொற்று என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள், தெளிவான அறிகுறி உள்ள பெண்ணுக்கு ஒரே வகைக் கிருமி அதைவிடக் குறைவாக வளர்ந்தாலும் கணக்கில் எடுக்கலாம்.

அப்படிச் சரியாகக் கொடுத்தும் ஒன்றும் வளரவில்லை என்றால் ஆறாவது அண்டிபயோட்டிக்கைக் கேட்காதீர்கள், வேறு காரணம் தேடுங்கள். ஐந்து தரம் போட்ட மருந்தே பங்கஸைக் கொண்டுவந்திருக்கலாம். கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுக் கிருமிகள் சாதாரணக் கல்ச்சரில் வளராது, தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். சலத்தில் சீழ் செல் இருந்து கிருமி மட்டும் வளரவில்லை என்றால் கல் இருக்கிறதா என்று ஸ்கான் பார்க்க வேண்டும், அரிதாகக் காசநோயும் இப்படி ஒளிந்திருக்கும். இவை எதுவும் இல்லாமல், சலப்பை நிறைய நிறைய நோவு கூடி, போன பிறகு குறைகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் சலப்பை வலி நோய் என்று ஒன்று இருக்கிறது, கிருமி இல்லாமலே சலப்பை புண்பட்டது போல நடந்துகொள்ளும். கோப்பி, கடும் தேத்தண்ணி, உறைப்பு, புளிப்பு, சோடா இவற்றில் எது கூட்டுகிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். இடுப்பின் அடித்தசைகள் எப்போதும் இறுகியே இருப்பதாலும் எரியும், அதற்குப் பிசியோதெரபி உதவும். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எப்போது எரிந்தது என்று மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதி, சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடமோ பெண் நோயியல் நிபுணரிடமோ கொண்டுபோங்கள், அந்த ஒரு கொப்பியைப் பார்த்த பிறகு மனப்பிரமை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

கேள்வி: செவ்விளநீர், பார்லித் தண்ணீர், சிறுபீளைக் கசாயம், எது நல்லது?

பதில்: பார்லித் தண்ணீரும் செவ்விளநீரும் நல்ல குடிபானம், உடம்பில் நீர் சேரும், எரிவு கொஞ்சம் தணியும், ஆனால் பிடித்த கிருமியைக் கொல்லும் என்று நம்பி மூன்று நாள் கடத்தாதீர்கள். கிட்னி பழுதாகி டொக்டர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னவர்களுக்குச் செவ்விளநீர் ஆகாது. சிறுபீளையில் ஒக்சலேற் இருக்கிறது, எப்போதாவது ஒரு கோப்பை இலேசாகக் குடிப்பது வேறு, நாள்கணக்கில் கடும் கசாயமாகக் காய்ச்சிக் குடிப்பது வேறு, கிட்னி வருத்தம் அல்லது கல் உள்ளவர்கள் விட்டுவிடுவது நல்லது. கிரான்பெரியைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். அடிக்கடி வருபவர்களுக்கு வராமல் தடுக்க ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், வந்ததைச் சுகப்படுத்தாது. இங்கே அது விற்கும் விலைக்குத் தண்ணீரே போதும் என்பேன்.

கேள்வி: கிண்ணியாவில் இருந்து ஓர் உம்மா. மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கழிப்பறைக்கு ஓடுவாள், சில நாள் உடுப்பிலேயே போய்விடும். அடிக்கடி எரிகிறது என்று அழுகிறாள். பிள்ளைக்கு ஏன் இது?

பதில்: ஏன் ஓடி வருகிறாள் என்று பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கதவுக்குக் கொளுக்கி இல்லை, பூச்சி இருக்கிறது, ரீச்சர் விடமாட்டார், இதில் ஏதாவது ஒன்று வரும். அதனால் காலையில் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலை நிறைத்தபடியே திருப்பிக் கொண்டுவருவாள். அடக்கிப் பழகிய பிள்ளைக்குச் சலப்பை ஒழுங்காகக் காலியாவதில்லை, மலமும் இறுகியிருந்தால் இன்னும் மோசம். மலச்சிக்கலைக் கவனிக்காமல் பிள்ளைகளின் சலத்தொற்றை நிறுத்தவே முடியாது, இதைப் பல பெற்றோர் நம்புவதில்லை. பழம், கீரை, தண்ணீர், அதோடு சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறையில் இருக்க விடுங்கள், கால் தொங்காமல் ஒரு பலகை வைத்து. கழுவும்போது முன்னிருந்து பின்னுக்கு என்று பழக்குங்கள், சின்னக் கை பின்னால் இருந்து முன்னுக்குத்தான் இழுக்கும்.

இரவில் பின்பக்கம் கடிக்கிறது என்று சொறிகிறாளா? சின்ன வெள்ளைப் பூச்சியாலும் முன்பக்கம் சிவந்து எரியும், வீட்டில் எல்லோருக்கும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். குமிழி வரும் சவர்க்காரத் தண்ணீரில் குளிக்க வைப்பதும் எரிக்கும். உடுப்பில் போனதற்கு ஏசாதீர்கள். ஏசினால் இன்னும் கூட அடக்குவாள். பிள்ளைகள் சொல்ல வெட்கப்படும்படி யாராவது தொட்டார்களா என்பதையும் பயமுறுத்தாமல் ஒருமுறை கேட்டுவிடுங்கள், எரிவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும், கேட்காமல் விடக்கூடாது.

எப்படியும் சலத்தைச் சோதிக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், அல்லது காய்ச்சலோடு வந்தால், சலம் பின்னோக்கிக் கிட்னிக்கு ஏறுகிறதா, பிறவியிலேயே குழாயில் ஏதும் அடைப்பா என்று பார்க்க ஸ்கான் தேவைப்படலாம். தடிமனும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் காய்கிறது என்றால், சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குக் கூட, அண்டிபயோட்டிக் தொடங்கும் முன் சலத்தைச் சோதிக்கச் சொல்லி டொக்டரிடம் நீங்களே கேளுங்கள். வகுப்பு ரீச்சருக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுங்கள்: இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை இவளை வெளியே விடவும் என்று. கொளுக்கி இல்லாத கதவுக்கு, கூடப் போய் வெளியே நிற்க ஒரு சிநேகிதியையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.